ராஜபாட்டையும் ஒரு அழைப்புக் கடிதமும்

என் கணவரின் பள்ளித் தோழர் ஒருவர் 1988இல் கலிபோர்னியாவிலிருந்து எழுதிய கடிதத்தில் இருந்த ஒரு வரி எங்கள் வீட்டில் நான்கு வருடம் குடியிருந்தது. "ஒருக்கா இஞ்சால வாருங்கோவன், ஸ்பானியர் கட்டின பழைய கோவிலெல்லாம் வரிசையாக் கிடக்கு, உனக்குத்தான் சரித்திரமெண்டால் பைத்தியமே, எல்லாத்தையும் சுத்திப் பாக்கலாம்." கடிதத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் அவருடைய புது வீட்டைப் பற்றியவை. இந்த வரி கடைசியில், கையெழுத்துக்குச் சற்று மேலே, தாளில் இடம் மிஞ்சிவிட்டதே என்று எழுதியதுபோல இருந்தது. நான் அதை அன்றே கவனித்தேன். என் கணவர் கவனிக்கவில்லை.

அப்போது நாங்கள் லண்டனில் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மன்னாரை விட்டு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊரில் அவர் பன்னிரண்டு வருடம் சரித்திரம் படிப்பித்தவர். லண்டனில் பாண் தொழிற்சாலை ஒன்றில் விடியற்காலை ஷிப்ட். அடுப்பில் வெந்து ஓடும் பட்டியில் வரிசையாக வரும் பாண் ரொட்டிகளில் கோணலானவற்றைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து ஒரு தொட்டிக்குள் போடுவது அவருடைய வேலை. நான் ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை செய்தேன். இரண்டு பேரும் பின்னேரம் மூன்று மணிக்குள் வீடு வந்துவிடுவோம். பிறகு படுக்கும் வரை வீட்டில் பேச்சே இருக்காது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு தரம் வயிற்றில் தங்கிப் பிறகு போய்விட்டது. இரண்டாவது தரம் நடந்தது லண்டனில், வந்த முதல் குளிர்காலத்தில். அதன் பிறகு அவர் இன்னும் குறைவாகப் பேசினார்.

கடிதம் வந்த அடுத்த சனிக்கிழமை அவர் நூலகத்துக்குப் போய் மூன்று புத்தகங்களோடு திரும்பினார். கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் ஒன்றை விரித்தார்.

"இஞ்ச பாரும். எல் கமினோ ரியல். ராஜபாட்டை எண்டு அர்த்தம். தெற்கில சான் டியேகோவில துவங்கி வடக்கில சொனோமா மட்டும். அறுநூறு மைல். இருபத்தொரு கோவில்."

"இருபத்தொண்டையுமோ பாக்கப் போறீங்கள்?"

"பின்ன? பாதியில விடுறதுக்கு ஏன் போக வேணும்?"

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது. நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஸ்பானியக் குருமாரும் சிப்பாய்களும் மெக்சிகோவிலிருந்து எப்படி வந்தார்கள், ஒரு கோவிலுக்கும் அடுத்த கோவிலுக்கும் இடையில் ஏன் ஏறக்குறைய ஒரு நாள் பயணத் தூரம் விட்டார்கள், பாதை தெரிவதற்காகப் பிற்காலத்தில் வளைந்த கம்பங்களில் எப்படி மணிகளைத் தொங்கவிட்டார்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னார். வகுப்பில் எப்படி நின்றிருப்பார் என்பதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம்.

பிறகு திட்டம் வளர்ந்தது. சுவருக்கு ஒட்டும் தாளில் மிஞ்சிய துண்டு ஒன்றின் பின்பக்கத்தில், நூலக அட்லசைப் பார்த்துக் கலிபோர்னியாக் கரையைப் பெரிதாக வரைந்தார். இருபத்தொரு இடத்திலும் சிவப்புப் பேனையால் சின்னச் சிலுவை போட்டார். அதை நடைபாதைச் சுவரில், கோட் மாட்டும் கொளுக்கிகளுக்குப் பக்கத்தில் ஊசி குத்தி மாட்டினார். கொப்பி ஒன்றில் கோடு போட்டு, நாள், ஊர், தூரம், பஸ் நேரம் என்று எழுதினார். பஸ் நேரங்களுக்காக அங்குள்ள உல்லாசப் பயண அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினார். பெரிய கடித உறைகளில் பதில்கள் வந்தன. அந்த உறைகளைத் தபால்காரர் கதவுத் துவாரத்தால் தள்ள முடியாமல் மணி அடிப்பார். என் கணவர் வீட்டில் இருந்தால் நான் எழும்ப முன்னமே ஓடிப்போய்த் திறப்பார்.

தோழருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். தோழர் இருந்தது சான் ஹோசே நகரத்தில். அங்கே நான்கு இரவு மட்டும் தங்குவது, மற்ற இடங்களில் மலிவான விடுதிகள், பயணம் எல்லாம் தூரப் பஸ்ஸில். "அவன் காரில கூட்டிக்கொண்டு போறன் எண்டுதான் சொல்லுவான். ஒரு நாள் போனாப் போதும். அவனுக்கும் வேலை இருக்குத்தானே" என்றார்.

ஸ்பானிய மொழி படிப்பிக்கும் ஒலிநாடாக்களும் நூலகத்தில் இருந்தன. பின்னேரத்தில் அதைப் போட்டுவிட்டு என்னையும் சொல்லச் சொல்வார். "தோந்தே எஸ்தா லா இக்லேசியா?" கோவில் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடக் குசினியில் உருளைக்கிழங்கு மசிக்கும்போது நான் அதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் நின்ற அயர்லாந்துக்காரி, "செபமா சொல்லுகிறாய்?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்லிவிட்டேன்.

புத்தகங்கள் கூடக்கூட அவர் முகம் மாறியது. ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தவர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்த ஊர்ச் சனங்களுக்குத் தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் குடுத்தாப் பிறகு, கோவில் வளவை விட்டு வெளிய போறதெண்டால் உத்தரவு கேக்க வேணும். ஓடினால் சிப்பாய் போய்ப் பிடிச்சுக்கொண்டு வருவான். சவுக்கடி. வருத்தம் வந்து குவியல் குவியலாச் செத்திருக்குதுகள். சில கோவிலுக்குப் பக்கத்தில பேரே இல்லாமல் புதைச்சுக் கிடக்கு."

"பிறகு என்னத்துக்கு அங்க போறீங்கள்?"

"அதுக்குத்தான் போறன்."

எனக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எங்கட ஆக்களுக்கும் கப்பலில வந்தவைதானே தண்ணி தெளிச்சவை. நானும் நீரும் முழங்காலில இருந்து செபிக்கிறம். பொய் எண்டு சொல்லேல்ல. ஆனால் அந்தப் பேரில்லாத சனத்துக்குப் பக்கத்திலயும் ஒருக்கா முழங்காலில இருக்க வேணும் எண்டு எனக்குக் கிடக்கு."

அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லாம் 'பாஸ்' என்ற சொல் இருந்தது. ஊரை விட்டு வெளியே போவதற்கு இயக்கத்திடம் ஒரு பாஸ், ஆமியிடம் ஒரு பாஸ். அவருடைய தங்கை பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு நாள் வரிசையில் நின்றதை எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தையும் அவர் கொப்பிக்குள் வைத்திருந்தார்.

இருபத்தொன்றில் ஒன்று புனித அந்தோனியாரின் பெயரில் இருந்தது. மலைகளுக்கு நடுவில், பஸ் போகாத இடம். எனக்கு அந்தோனியார் என்றால் தனிப் பற்று. அதற்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது ஆமிக் காம்புக்குள்ள கிடக்கு."

"விளையாடாதேங்கோ."

"உண்மையா. சுத்திவரக் காம்ப். வாசலில ஆமிக்காரன் நிப்பான், பேப்பர் காட்டித்தான் உள்ள போகலாமாம்." இன்னும் சிரித்துக்கொண்டே, "ஊரிலயும் ஆமி, அங்கயும் ஆமி. உம்மட அந்தோனியாருக்கு எங்க போனாலும் இதுதான் விதி" என்றார்.

"அதை விடுவம். செக்பொயிண்ட் பாக்கிறதுக்கே அமெரிக்கா போறது?"

"இல்லை, போவம். ஒருக்காலாவது ஆமிக்காரன் எங்களுக்குக் காலமை வணக்கம் சொல்லிக் கேற்றைத் திறந்துவிடட்டும்."

நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது வேறு எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் பங்கில் மாதம் ஒரு தமிழ்ப் பூசை இருக்கும். பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் பற்றிசும் கொடுப்பார்கள். ஊர்ப் பழக்கத்தில் எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டார்கள். அவர் ராஜபாட்டையைப் பற்றி அங்கே சொல்லத் தொடங்கினார். கேட்க ஆட்கள் கூடினார்கள். "எப்ப பயணம் மாஸ்டர்?" என்று கேட்பவர்களுக்கு, "தொண்ணூற்றொண்டு, வைகாசி" என்று திடமாகச் சொல்வார். மூன்று கிழமை லீவு வேண்டும் என்பதற்காக இரண்டு கிறிஸ்மசுக்கும் மற்றவர்களின் ஷிப்டையும் சேர்த்துச் செய்தார். ஒரு கிறிஸ்மஸ் காலையில் நான் தனியாகப் பூசைக்குப் போய்வந்து தனியாகச் சாப்பிட்டேன். பரவாயில்லை என்று இருந்தது.

எங்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம்தான். அதில் அமெரிக்கா போக விசா வேண்டும். விசாவுக்குக் கேட்கும்போது, அங்கே இருப்பவர் ஒருவர் எங்களை அழைத்து, எங்களுக்குப் பொறுப்பேற்று எழுதிய கடிதம் இருந்தால் நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர் அதைக் கேட்டுத் தோழருக்கு எழுதினார். "ஓம், அனுப்பிறன்" என்று பதில் வந்தது. பிறகு, "வேலை மாறிறன், கொஞ்சம் பொறு" என்று ஒரு அட்டை. பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் இன்னும் இரண்டு கடிதம் எழுதினார். இரண்டாவதை எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "உனக்கு நேரம் கிடைக்கும்போது" என்ற சொல்லை மூன்று தரம் எழுதியிருந்தார்.

தொண்ணூற்றொன்று மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவர் நூலகத்துக்குப் போன நேரம், நான் கலிபோர்னியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்களுக்குப் பின்னேரம், அவர்களுக்குக் காலமை. தோழரின் மனைவிதான் எடுத்தாள். நான் யாரென்று சொன்னதும், "ஆர்?" என்று பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. அவள் கையால் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். அந்தக் குரல் தொலைபேசிக்கு வரவில்லை.

சுகம் விசாரித்துவிட்டு, "அந்தக் கடிதம் இன்னும் வரேல்ல, அதுதான்" என்றேன்.

"அக்கா, நான் நேரடியாச் சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. இஞ்ச எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இப்பிடித்தான் கடிதம் குடுத்தது. வந்தவை திரும்பிப் போகேல்ல. குடுத்தவைக்குத்தான் எல்லாக் கரைச்சலும்."

"நாங்கள் ஏன் அங்க நிக்கப் போறம்? எங்களுக்கு இஞ்ச வேலை இருக்கு, இருக்க இடம் இருக்கு. இவர் அந்தக் கோவில்களைப் பாக்கத்தான் வாறார்."

"எல்லாரும் ஒண்டைப் பாக்கத்தான் வருகினம் அக்கா." அவள் கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொன்னாள். "பிள்ளை குட்டி இருந்தால், பள்ளிக்கூடம் அது இது எண்டு திரும்பிப் போவினம் எண்டு நம்பலாம். உங்களுக்கு அங்க பிடிச்சு வைக்க என்ன இருக்கு?"

சரி, வைக்கிறேன் என்றேன். அவள், "அண்ணைக்கு நீங்களே பக்குவமாச் சொல்லுங்கோ" என்றாள்.

அரை மணி நேரத்தில் அவர் வந்தார். ஒரு புதுப் புத்தகம் எடுத்து வந்திருந்தார். ஒரு கோவிலுக்கு வருடா வருடம் ஒரே காலத்தில் தகைவிலான் குருவிகள் திரும்பி வருமாம், அந்தப் படத்தைக் காட்டினார். "நாங்கள் போற நேரம் அதுகள் அங்க நிக்கும்" என்றார். நான் படத்தைப் பார்த்தேன். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். கடிதம் தரமாட்டார்கள் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்பதைச் சொல்ல என்னால் முடியாது. மருத்துவமனையிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்த நாளில் அவர் பஸ்ஸில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்த முகம் எனக்குத் தெரியும். அந்த முகத்திடம் அந்த வார்த்தையைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் தயாராக இல்லை.

அதனால் பொய் சொன்னேன். அடுத்த கிழமை அவர் தானே தொலைபேசி எடுக்கப் போகிறேன் என்றபோது, "எடுக்காதேங்கோ. நான் போன கிழமை எடுத்தனான். மனிசிக்குப் பெரிய வருத்தமாம். ஒப்பரேஷன் செய்யினமாம். அந்த வீட்டில இப்ப போய்க் கடிதம் கேக்கிறது சரியில்லை" என்றேன்.

இவ்வளவு எளிதாக அது என் வாயில் வந்தது. அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்தார்.

"ஐயோ பாவம். இது தெரியாமல் நான் கடிதத்துக்கு மேல கடிதம் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறன்."

அடுத்த தமிழ்ப் பூசையில், கலிபோர்னியாவில் நோயுற்றிருக்கும் ஒரு சகோதரிக்காக மன்றாடுவோம் என்று பங்குச் சுவாமி பீடத்திலிருந்து சொன்னார். என் கணவர் எழுதிக் கொடுத்த மன்றாட்டு. கோவில் முழுவதும் எழுந்து நின்று, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நானும் சொன்னேன். பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என்னிடம் ஆட்கள் வந்து, அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நான் ஏதோ சொன்னேன்.

வைகாசி வந்தது. லீவை மாற்ற முடியாது என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று கிழமையும் அவர் வீட்டில் இருந்தார். வீட்டுக்காரரிடம் கேட்டு நடைபாதைச் சுவருக்கு வெள்ளை அடித்தார். படத்தைக் கழற்றவில்லை. அதைச் சுற்றி ஒரு அங்குலம் விட்டு அடித்தார். "அடுத்த வருசம்" என்றார். கொப்பியில் தொண்ணூற்றொன்று என்றிருந்ததை அழித்துத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினார். பூசைக்குப் போனால், "என்ன மாஸ்டர், இன்னும் பயணம் வெளிக்கிடேல்லையோ?" என்று கேட்டார்கள். பிறகு அவர் இல்லாத நேரங்களில் அவரைக் 'கலிபோர்னியா மாஸ்டர்' என்றார்கள். ஒரு தரம் அது அவர் காதிலும் விழுந்தது. கேட்காதவர்போலத் தேத்தண்ணியை முடித்துவிட்டு வந்தார்.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாள் போகப்போக, சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இரண்டானது. அவர்கள் செய்ததோடு, நான் செய்ததையும் சொல்ல வேண்டியிருந்தது.

தொண்ணூற்றிரண்டு ஆடியில் தோழர் லண்டனுக்கு வந்தார். கிங்ஸ்பரியில் அவருடைய சொந்தத்தில் ஒரு கல்யாணம். மனைவி வரவில்லை, அவர் மட்டும்தான். கல்யாணத்துக்கு அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். என் கணவர் அன்று லீவு போட்டார். நான் றோல்ஸ் சுட்டேன். இரண்டு எண்ணெய்க்குள் வெடித்தது.

தோழர் வந்தார். நல்ல உயரம், நல்ல உடுப்பு, வாசலிலேயே என் கணவரைக் கட்டிப்பிடித்து, "மச்சான்!" என்றார். உண்மையான சந்தோஷம்தான். அதை நான் மறுக்க முடியாது. உள்ளே வரும்போது கோட்டை மாட்டத் திரும்பியவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"என்ன மச்சான் இது?"

"தெரியேல்லையே? உன்ர ஊர்தான். ராஜபாட்டை." என் கணவர் விரலால் தொட்டுக் காட்டினார். "இது சான் ஹோசே. உன்ர வீட்டிலயிருந்து கிட்டத்தான், என்ன? நீ உள்ள போய்ப் பாத்திருப்பாய்."

"நானோ? அது ஏதோ பழைய மண் கட்டிடம். வேலைக்குப் போகேக்க வரேக்க பேர்ப் பலகையைப் பாத்திருக்கிறன். ஒரு நாளும் உள்ளுக்குப் போகேல்ல." சிரித்தார். "நீ இன்னும் இதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியே?"

என் கணவரும் சிரிக்க முயன்றார். முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். வாசலில் நிற்கும்போதே அந்தக் கேள்வி வந்தது.

"இப்ப மனிசிக்கு எப்பிடி? ஒப்பரேஷனுக்குப் பிறகு சுகமோ?"

"எந்த ஒப்பரேஷன்?"

"போன வருசம் வருத்தமா இருந்தவவெல்லோ. நாங்கள் கோவிலில மன்றாட்டும் குடுத்தனாங்கள்."

"அவளுக்கென்ன வருத்தம்? குதிரை மாதிரி நிக்கிறாள்." தோழர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். ஏதோ பிசகு என்று விளங்கியிருக்க வேண்டும். குரலைத் தணித்து, "மச்சான், அந்தக் கடித விஷயம்... அப்ப நிலைமை அப்பிடி. அவள் உன்ர மனிசிக்கு ஃபோனில எல்லாம் சொன்னதெண்டு சொன்னாள். நீ விளங்கிக்கொண்டிருப்பாய் எண்டுதான் நான் பிறகு எழுதேல்ல" என்றார்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துத் தோழருக்கு முன்னால் நீட்டினார். "றோல்ஸ் எடு, ஆறப்போகுது" என்றார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பழைய வாத்திமாரைப் பற்றிக் கதைத்தார்கள். தோழர் போகும்போது என் கணவர் நிலக்கீழ் ரயில் நிலையம் வரை கூடப் போய் அனுப்பிவிட்டு வந்தார்.

நான் குசினியில் நின்றேன். அவர் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"போன வருசம் மாசி."

"ஒண்டரை வருசம்." அவர் விரலை மடித்து எண்ணவில்லை, சத்தமும் போடவில்லை. "நான் அந்தக் கொப்பியில பஸ் நேரத்தை மாத்தி மாத்தி எழுதிக்கொண்டு இருந்தன். நீர் பாத்துக்கொண்டு இருந்தனீர்."

"உங்களுக்கு நோகக்கூடாது எண்டுதான்."

"கடிதம் தரமாட்டம் எண்டதில என்ன நோவு? எத்தினை பேர் எங்களுக்கு மாட்டம் எண்டு சொல்லியிருக்கினம். வேற என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு ஒருத்திக்கு வருத்தம் எண்டு சொல்லி, ஒரு கோவில் சனத்தையே எழும்பி நிண்டு மன்றாட வைச்சனீரோ?"

அது என்னைச் சுட்டது. உண்மை என்பதால் சுட்டது. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் நான் தனியாகச் சுமந்ததற்கு இதுதானா என்று வந்தது. அவருக்குத் திருப்பி எதையாவது எறிய வேண்டும் போல இருந்தது.

"பிள்ளை இல்லாத ஆக்களாம்! பிடிச்சு வைக்க இஞ்ச எங்களுக்கு ஒண்டும் இல்லையாம், அதாலை திரும்பிப் போகமாட்டமாம்! அதைத்தான் சொன்னவ. இப்ப சந்தோசமோ?"

ஒன்றரை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த வார்த்தை அது. அவளே சொல்லியிருந்தால் தூரத்தில் இருக்கும் ஒரு அந்நியப் பெண்ணின் குரலில் அவர் அதைக் கேட்டிருப்பார். கடைசியில் என் குரலில், எங்கள் குசினியில், அவரைப் புண்படுத்தவென்றே சொல்லப்பட்டதாகக் கேட்டார். அவர் நடைபாதைக்குப் போனார். தாள் கழன்று வரும் சத்தம் கேட்டது. கிழிக்கவில்லை. சுருட்டி, ஒலிநாடாக்களோடு கொப்பியையும் ஒரு பைக்குள் போட்டார். நாடாக்களை அடுத்த நாள் நூலகத்தில் கொடுத்தார். மற்றவற்றை என்ன செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளைக்குள் மஞ்சள் கட்டமாகக் கிடந்தது. நான் அதன்மேல் ஒரு நாட்காட்டியை மாட்டினேன்.

நாங்கள் பிரியவில்லை. சண்டை போட்டுக்கொண்டும் இருக்கவில்லை. கடைக்குப் போனோம், பூசைக்குப் போனோம், பாண் தொழிற்சாலை மூடியபிறகு அவர் தபால் பிரிக்கும் இடம் ஒன்றில் வேலை எடுத்தார். லூர்து மாதாவிடம் பங்கில் ஒரு பஸ் போனபோது அதிலும் போனோம். எல்லாவற்றையும் வேறு யாரோ ஒழுங்கு செய்தார்கள். அவர் சொன்ன இடத்தில் ஏறி, சொன்ன இடத்தில் இறங்கினார்.

தொண்ணூற்றாறில் எங்களுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. இனி யாருடைய கடிதமும் தேவையில்லை, அமெரிக்காவுக்கு விசாவும் தேவையில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் அப்டன் பார்க்கில் ஒரு பயண முகவரிடம் போய் விவரம் எல்லாம் எடுத்தேன். சான் டியேகோவுக்குப் போய் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து திரும்பும் விமானங்கள். அந்த விவரத்தாளை மேசையில் அவருக்கு முன்னால் வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக வாசித்தார். வாசித்துவிட்டு, மடித்து, என் பக்கம் தள்ளினார்.

"நீர் போயிட்டு வாரும்."

"நான் தனிய எங்க போறது? இது உங்கட பயணம்."

"எனக்கு இப்ப அதில ஒண்டும் இல்லை."

"இன்னும் அந்தாளில கோவமோ?" என்று கேட்டேன். தோழர் அதற்கிடையில் இரண்டு தரம் தொலைபேசி எடுத்திருந்தார். இப்ப வரலாம்தானே, வாருங்கோ என்று கூப்பிட்டார். பாப்பம் என்று இவர் மரியாதையாகப் பதில் சொல்லியிருந்தார்.

"அவனில எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவன் பயந்தவன். ஆரும் பயப்பிடலாம்." கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார். "நீர் பயந்து செய்யேல்ல. எதை நான் தாங்குவன், எதைத் தாங்கமாட்டன் எண்டு நீர் முடிவெடுத்தனீர். அந்த ராஜபாட்டையில அந்தச் சனங்களுக்குக் குருமாரும் அதைத்தான் செய்தவை. அவையின்ர நன்மைக்கு எண்டுதான் செய்தவை."

நான் உங்களைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொன்னேன். எத்தனையாவது தரமோ தெரியாது.

"தெரியும்" என்றார். எழுந்து போய்ச் சட்டைகளை இஸ்திரி போடத் தொடங்கினார். அடுத்த நாள் வேலைக்கு என்னுடைய சட்டையையும் சேர்த்துப் போட்டு வைத்தார்.

அவர் சொன்னது சரி என்று எனக்கு அன்றே தெரிந்தது. பிள்ளை இல்லாத வீட்டில், நோவையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய அகங்காரம் என்றும் தெரிந்தது. அதை அவரிடம் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை.